பதினாறாம் நம்பர்

ஹைதராபாத்
3.2.2025

அண்ணனுக்கு,

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது. பகலில் கூப்பிடலாம் என்றால் உங்கள் பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறீர்கள். சாயங்காலம் கூப்பிட்டால் இரண்டு பேருக்கும் அலுப்பு. வாய் நீண்டுவிடுகிறது.

பொங்கலுக்கு வந்தபோது என்ன சொன்னீர்கள்? "அங்கன சும்மா உட்கார்ந்து கெடக்கதுக்கு இங்கன வந்து நம்ம ஆபீஸைப் பாரு. வடக்க இருந்து வர்ற ஆர்டருக்கு இந்தியில பேச ஆளில்ல." சும்மாவா? அந்த ஒரு சொல்லுக்குத்தான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். இன்னும் எரிகிறது.

என் நிலைமையை ஒருமுறை முழுதாகச் சொல்கிறேன். மருதம் ஏர் சின்னக் கம்பெனி. பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்குப் போகிறது. போன வருஷம் இருபது விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தார்கள். எழுபது பேர் உட்காரக்கூடிய, புரொப்பல்லர் வைத்த விமானம். அந்த ஆர்டரை நம்பி முதல் கட்டமாக எங்கள் அறுபது பேரைத் துணை விமானிகளாக எடுத்து, அந்த விமானத்துக்கென்றே பயிற்சி கொடுத்தார்கள். ஒரு விமானம் வந்தால் ஐந்து பேருக்கு வேலை. யார் முதலில் என்பது பயிற்சி மார்க்கைப் பொறுத்த வரிசை. நான் பதினாறு.

முதல் விமானம் நவம்பரில் வந்தது. முதல் ஐந்து பேர் பறக்கிறார்கள். இரண்டாவது மார்ச், மூன்றாவது ஜூன், நான்காவது ஆகஸ்ட் என்கிறார்கள். நான்காவது விமானத்தின் முதல் ஆள் நான். அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் நிஜ விமானத்தில் ஏறாவிட்டால் நான் வாங்கிய பயிற்சி காலாவதி. திரும்ப முதலிலிருந்து.

சும்மா உட்காரவில்லை. விமானி அறையின் படத்தைச் சுவர் அளவுக்கு அச்சடித்து ஒட்டியிருக்கிறேன். தினமும் காலையில் அதன் முன் நாற்காலியைப் போட்டு ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுச் சொல்லிப் பழகுகிறேன். கூட இருக்கும் யோகேஸ்வரி கோவில்பட்டிப் பெண், பதினேழாம் நம்பர். நான் எழுந்ததும் அதே நாற்காலியில் அவள் உட்காருவாள். காகிதத்தை எத்தனை நாள் தொடுவது அண்ணே? கை பரபரக்கிறது.

பதில் போடுங்கள். திட்டுவதாக இருந்தாலும் சரி.

பிரீத்திகா


ஏழாயிரம்பண்ணை
12.2.2025

பிரீத்திக்கு,

உன் கடிதத்தை வாட்ச்மேன் செல்லப்பாண்டி கொண்டுவந்து, "மொதலாளி, கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டான். படித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி. நீ சொன்னதால் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே.

சும்மா என்று சொன்னது தப்பு. அம்மா அன்றிலிருந்து எனக்கு இரண்டாவது தோசை வைப்பதில்லை. போதுமா? நீ வந்து ஆபீஸில் உட்கார்ந்தால் எனக்கு ஒத்தாசை என்று நினைத்தேன், அம்புட்டுத்தான். அப்பா வத்தல் கடையை விட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். நாற்பத்திரண்டு ஆளை வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு இன்ஸ்பெக்ஷனுக்கும் நான் ஒருத்தனே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் வரிசை எனக்குப் புரிந்தது. ஒன்றுதான் புரியவில்லை. அந்த வரிசையை எழுதுகிறது யார்? எந்த ஆபீஸானாலும் பேனா பிடிக்கிற ஆள் ஒருத்தர் இருப்பார். அவரைப் போய்ப் பார்த்தாயா? வணக்கம் சொன்னாயா? நீ மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு நடக்கிற ஆள், அதனால் கேட்கிறேன்.

சாப்பிடு. காகிதத்தை ரொம்பத் தேய்க்காதே, கிழிந்துவிடும்.

மணிகண்டராஜ்


ஹைதராபாத்
21.4.2025

அண்ணே,

இரண்டாவது விமானம் ஒரு மாதம் பிந்தி வந்தது. ஆறிலிருந்து பத்து வரை போய்விட்டார்கள். வழியனுப்பப் போனோம். ஒன்பதாம் நம்பர் பையன் சீருடை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னாலேயே நின்றான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

இப்போது எங்களுக்கு ஆபீஸ் வேலை கொடுத்திருக்கிறார்கள். பெட்டி தொலைத்த பயணிகளுக்குப் பதில் எழுதுவது. நேற்று ஒரு பெரியவரின் ஊறுகாய் ஜாடி உடைந்துபோனதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். விமானம் ஓட்டப் படித்ததற்குக் கிடைத்த வேலை.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். வரிசையைப் பார்ப்பவர் நரசிங்க ராவ் என்ற அதிகாரி. இந்த வெயிலிலும் ஏ.சி.க்குப் பயந்து ஸ்வெட்டர் போட்டிருப்பார். நல்ல மனிதர், ஆனால் சிரிக்க மாட்டார். வணக்கம் தினமும் சொல்கிறேன். அவர் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. அவர் கையில் எதுவும் இல்லை அண்ணே. மார்க் என்ன சொல்கிறதோ அதுதான் வரிசை.

இருபது என்று சொன்ன ஆர்டர் குறையும் என்று கேன்டீனில் ஒரு பேச்சு. மறுநாளே இன்னொருத்தர் முப்பதாகப் போகிறது என்கிறார். காலையில் ஒரு சேதி, மத்தியானம் ஒரு சேதி. தூங்கினாலும் விமானத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பிரீத்திகா


ஏழாயிரம்பண்ணை
9.5.2025

பிரீத்தி,

ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன். இப்போதே சொன்னால் குதிப்பாய் என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தீபாவளிக்கு நம் வீட்டிலிருந்து எத்தனை கிஃப்ட் பாக்ஸ் போகிறது என்று உனக்குத் தெரியும். டாக்டர், பாங்க் மேனேஜர், கரண்ட் ஆபீஸ், லாரி செட் என்று ஒருத்தரையும் விடுவதில்லை. யாரிடமும் எதுவும் கேட்டுக் கொடுப்பதில்லை. பாக்ஸ் வாங்கின மனுஷன் அடுத்த தடவை நம்மைப் பார்த்தால் "வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்வார். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான்.

உன் நரசிங்க ராவ் சாருக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். சாதாரண பாக்ஸ் இல்லை. முப்பத்தாறு ஐட்டம், நானே நின்று அடுக்கினேன். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம், விமானக் கம்பெனியாச்சே என்று ராக்கெட் மட்டும் இரண்டு பாக்கெட் கூட. ஆபீஸ் விலாசத்துக்கே போட்டிருக்கிறேன். பட்டாசு என்றால் பார்சலில் வாங்க மாட்டான். அதனால் மேலே இரண்டு சாமி காலண்டரை வைத்து, காலண்டர் என்று எழுதிவிட்டேன். மே மாதத்தில் என்ன காலண்டர் என்றுகூட அவன் கேட்கவில்லை.

அவர் தலையை நிமிர்த்துகிறாரா இல்லையா, பார்.

மணிகண்டராஜ்


ஹைதராபாத்
17.5.2025

நீ என்ன காரியம் செய்துவைத்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா?

எங்கள் ஆபீஸ் விமான நிலையத்துக்குள் இருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு பார்சலும் எக்ஸ்ரேயில் போகும். உன் காலண்டரும் போனது. சைரன் அடித்தார்கள். மூன்று மாடியையும் காலி செய்தார்கள். இருநூறு பேர் வெட்டவெளியில் மூன்று மணி நேரம் நின்றோம். நாய் வந்தது, வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள். நரசிங்க ராவ் அந்த வெயிலில் ஸ்வெட்டரோடு நின்றார். பெட்டியைத் திறந்ததும் மேலே முருகன் காலண்டர், அதன் மேல் உன் சீட்டு. "பிரீத்திகா, பதினாறாம் நம்பர். அண்ணன் அன்பளிப்பு."

என்னைக் கூப்பிட்டு நிறுத்தி அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது லஞ்சமா, மிரட்டலா?"

நான் என்ன பதில் சொல்ல? எங்கள் ஊரில் இப்படித்தான் மரியாதை செய்வோம் என்றா? சொன்னேன். யாரும் நம்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். யோகேஸ்வரி வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு மார்க் வித்தியாசத்தில் பிடித்த இடம் அது. காகிதத்தைத் தொட்டுத் தொட்டுக் காத்திருந்த இடம். என்னைக் கேட்டாயா? ஒரு வார்த்தை கேட்டாயா?

எனக்கு எழுதாதே.


விருதுநகர்
22.5.2025

பிரீத்தி,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடிதம் முழுக்க "நீ" போட்டிருக்கிறாய். போடு. இன்னும் நாலு சேர்த்துப் போட்டாலும் தகும். எங்கே என்ன அனுப்புகிறோம் என்ற புத்தி எனக்கு இல்லை. காலையில் எழுந்தால் பட்டாசு, படுத்தால் பட்டாசு. அது அடுத்தவன் கண்ணுக்கு வெடிகுண்டாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கண்ணுக்கு அது இனிப்பு டப்பா மாதிரி. சத்தியமாகத் தோன்றவில்லை.

வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. அம்மாதான், "எம்புள்ள இருந்த எடத்துல தீய வச்சுட்டியேடா" என்று அழுதாள்.

நான் புறப்பட்டு அங்கே வரட்டுமா? ராவ் சார் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல். என்ன சொன்னாலும் செய்கிறேன்.

மணி


ஹைதராபாத்
6.6.2025

அண்ணே,

வர வேண்டாம். நீங்கள் வந்தால் இன்னும் எதையாவது கையில் கொண்டுவருவீர்கள்.

விசாரணை வைத்திருக்கிறார்கள். அது முடியும் வரை வரிசையில் என் பெயர் கிடையாது. யோகேஸ்வரி பதினாறுக்கு வந்துவிட்டாள். அவள் என்னிடம் வந்து, "நான் கேக்கலடி, அவுகளா போட்டாக" என்றாள். அவளைப் பார்த்து நான் சிரித்தேன். ஒழுங்கான சிரிப்பில்லை.

என்ன சொன்னாலும் செய்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன். ஒரு கடிதம் வேண்டும். கம்பெனி லெட்டர்ஹெட்டில், உங்கள் கையெழுத்தும் சீலும் போட்டு. அனுப்பியது நான், உள்ளே பட்டாசை வைத்துக் காலண்டர் என்று பொய் எழுதியது நான், என் தங்கைக்கு இது தெரியாது. இவ்வளவுதான். அது வந்தால் என் மேல் குற்றமில்லை என்று முடித்துவிடுவார்கள், பழைய இடம் திரும்பக் கிடைக்கும் என்று ராவ் சாரே சொன்னார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தின் நகல் உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த ஆபீஸுக்கும் போகும். அவர்கள் என்ன செய்வார்கள் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். எனக்குக் கேட்கவே கூசுகிறது. ஆனால் கேட்கிறேன். எனக்கு வேறு வழி இல்லை.

ஆகஸ்ட் பதினெட்டு வரை விசாரணை திறந்திருக்கும். நான்காவது விமானம் அதை ஒட்டித்தான் வருகிறது.

பிரீத்திகா


ஏழாயிரம்பண்ணை
21.6.2025

பிரீத்தி,

கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், வக்கீலைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கம்பெனிக்கு சீல் உறுதி என்கிறார். சீசன் நேரம். பீகாருக்கும் உத்தரப்பிரதேசத்துக்கும் லோடு பேசிவைத்திருக்கிறேன். சரக்கு குடோனில் இருக்கும்போது கதவுக்கு சீல் விழுந்தால் இந்த வருஷம் தீபாவளி எனக்கு இல்லை. எனக்கு மட்டும் இல்லை, நாற்பத்திரண்டு பேருக்கும் இல்லை. எல்லாரும் குடும்பம் குட்டி உள்ளவர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேறு ஒரு யோசனை. நம் ஆபீஸ் பையன் அருள்பாண்டி இருக்கிறான் அல்லவா? விஷயம் கேள்விப்பட்டு அவனே வந்தான். "நான் அனுப்புனேன்னு எழுதிக் குடுத்துருதேன் மொதலாளி, எங்கிட்ட என்ன லைசென்ஸா இருக்கு, பிடுங்குறதுக்கு?" என்றான். முதலாளிக்குத் தெரியாமல் வேலையாள் செய்தது என்றால் கம்பெனி தப்பிக்கும், நீயும் தப்பிப்பாய். நல்லா யோசித்துச் சொல்.

மணிகண்டராஜ்


ஹைதராபாத்
2.7.2025

அண்ணே,

யோசித்துவிட்டேன். வேண்டாம்.

அருள்பாண்டி தானாக வந்தானா? சம்பளம் கொடுக்கிற முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்த ஆளும் தானாகத்தான் வருவான். நாளைக்கு அவன் மேல் கேஸ் போட்டால் அவன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? அவன் பெயர் போட்ட கடிதம் வந்தால் அது பொய் என்று நானே எழுதிக் கொடுப்பேன். மிரட்டவில்லை. முன்கூட்டியே சொல்கிறேன்.

மூன்றாவது விமானம் போன வாரம் வந்தது. பதினொன்றிலிருந்து பதினைந்து வரை போய்விட்டார்கள். அடுத்தது நான்காவது. ரூமில் இப்போது முதலில் நாற்காலியில் உட்காருவது யோகேஸ்வரி. அவள் எழுந்த பிறகு நான் உட்காருகிறேன். வரிசையிலேயே பெயர் இல்லாதவள் எதற்குச் சுவிட்சைத் தொட வேண்டும் என்று சில நாள் படுத்தே கிடக்கிறேன். மறுபடி எழுந்து உட்காருகிறேன். உள்ளுக்குள் ஒரு நிலையில் நிற்க மாட்டேன் என்கிறது.

நீங்கள் கடிதம் தரவில்லை என்றால் கோபப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. கோபப்படுவேன். ஆயுசுக்கும் கோபப்படுவேன். நாற்பத்திரண்டு பேர் கணக்கு எனக்கும் தெரிகிறது, ஆனாலும் கோபப்படுவேன்.

பிரீத்திகா


சிவகாசி
7.8.2025

பிரீத்தி,

ஆடிப் பதினெட்டு பூஜை முடிந்து நாலு நாள் ஆகிறது. கடிதம் நேற்று ஸ்பீடு போஸ்டில் ராவ் சார் பெயருக்குப் போய்விட்டது. வேறு யார் பெயரும் அதில் இல்லை. என் கையெழுத்து, கம்பெனி சீல். லைசென்ஸ் ஆபீஸுக்கு அவர்கள் அனுப்பும் வரை நான் காத்திருக்கவில்லை. நானே ஒரு நகலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெளியே வந்து, டீக்கடையில் நின்றபடி இதை எழுதுகிறேன்.

அங்கே ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்கள். நீ இதையே நினைத்துக்கொண்டு இராதே. உன் வேலையைப் பார்.

மணி


ஹைதராபாத்
2.10.2025

அண்ணே,

இரண்டு விஷயம். எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் இருபதாம் தேதி என் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுபடி பதினாறு. யோகேஸ்வரி மறுபடி பதினேழு. பதினைந்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. இடம் திரும்பக் கிடைத்ததை அன்றே எழுதினேன், நீங்கள் பதில் போடவில்லை. வேலை அதிகம் போல என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் வர வேண்டிய நான்காவது விமானம் தள்ளிக்கொண்டே போனது. போன திங்கட்கிழமை எங்களை எல்லாம் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். ஆர்டரைக் குறைத்துவிட்டார்களாம். வந்த மூன்று விமானத்தோடு சரி. மீதிப் பதினேழும் ரத்து. நான்காவது விமானத்துக்கு எங்கள் கம்பெனிப் பெயரை எழுதி, பெயின்ட் எல்லாம் அடித்து முடித்தாயிற்றாம். அதை அழித்துவிட்டு வேறு நாட்டுக்குக் கொடுக்கிறார்கள். பதினாறிலிருந்து அறுபது வரை நாற்பத்தைந்து பேருக்கும் ஒரே காகிதம். நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. யோகேஸ்வரி சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

அழுதுவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்போதுதான் அம்மா வாய் தவறிச் சொன்னாள். கம்பெனிக்கு சீல் வைத்து ஒரு மாதம் ஆகிறதாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள்.

ஏன் அண்ணே? வராத விமானத்துக்காகவா உங்கள் சீசன் போனது? ஆர்டர் எப்படி வரும், எப்படிப் போகும் என்று தெரிந்த மனிதர்தானே நீங்கள்? வடக்கே இருந்து ஒரு போனில் ஆர்டரை ரத்து செய்கிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? இது வராது என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

சென்னையில் ஒரு சரக்குக் கம்பெனி இருக்கிறது. இதே வகை விமானம், பழையது, இரண்டே இரண்டு வைத்திருக்கிறார்கள். ஆள் ஏற்றுவதில்லை, பார்சல் மட்டும். ஒரு இடம் காலி. பதினாறாம் தேதி வரச் சொன்னார்கள். யோகேஸ்வரிக்கும் அழைப்பு வந்திருக்கிறது. எடுத்துக்கொண்டால் மாதக் கடைசிக்குள் ஏற்றிவிடுவார்களாம். ஆனால் எனக்குப் போகவே மனசு இல்லை. குற்றமில்லை என்ற காகிதம் யார் சோற்றை எடுத்து வாங்கியது என்று தெரிந்த பிறகு எந்த முகத்தோடு போவது?

நான் ஊருக்கே வந்துவிடுகிறேன். நீங்கள் சொன்ன மாதிரி ஆபீஸைப் பார்க்கிறேன். சீல் எடுத்ததும் இந்தியில் பேச ஆள் வேண்டுமே. டிக்கெட் பார்த்துவைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை எழுதுங்கள், புறப்பட்டுவிடுகிறேன்.

பிரீத்திகா


விருதுநகர்
8.10.2025

பிரீத்தி,

வராதே.

அப்பாவின் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வத்தல் மூட்டை பிரித்திருக்கிறார்கள், நாலு வரிக்கு ஒரு தும்மல். அங்கங்கே மை கலைந்திருந்தால் அழுததாக நினைத்துக்கொள்ளாதே.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தோன்றியது. நீ ஏப்ரலில் எழுதினாயே, காலையில் குறைகிறது, மத்தியானம் கூடுகிறது என்று, அப்போதே தோன்றியது. கைக்கு வரப்போகிற சரக்கைப் பற்றி யாரும் அப்படி மாற்றி மாற்றிப் பேச மாட்டார்கள். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நான்காவது விமானம் வராது என்று முக்கால்வாசி தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெட்டி இருந்தால், இந்தக் கம்பெனி இல்லை, எந்தக் கம்பெனியும் உன்னை உள்ளே விடாது. அந்தக் கறை நான் வைத்தது. நான்தான் துடைக்க வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ கேட்ட கடிதத்தை ஜூன் பத்தாம் தேதியே எழுதிவிட்டேன். இரண்டு மாதம் மேஜை டிராயரில் கிடந்தது. நாற்பத்திரண்டு பேர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று உனக்கு எழுதினேன் இல்லையா? பொய். அவர்களை நான் நினைக்கவே இல்லை. எனக்குப் பயம். லைசென்ஸைத் தொலைத்தவன் என்று சிவகாசியில் நாலு பேர் முன்னால் நிற்க வேண்டுமே என்ற பயம். அந்தப் பயத்துக்கு அவர்களைத் திரையாகப் பிடித்தேன். அருள்பாண்டியையும் பிடிக்கப் பார்த்தேன். நீ திட்டி எழுதிய அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆயுசுக்கும் கோபப்படுவேன் என்றாயே, அது வேறு டிராயரைத் திறக்கும்போதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

சீல் வைத்த அன்று காலையில் வேன் வழக்கம்போல வந்து நின்றது. எல்லாரும் தூக்குவாளியோடு இறங்கினார்கள். கேட்டில் சீல். வழக்கமான இன்ஸ்பெக்ஷன் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், நம்பியிருப்பார்கள். சொல்ல வாய் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். தங்கச்சிக்காக ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன், மூன்று மாதத்துக்குக் கம்பெனி கிடையாது என்றேன்.

"எங்க சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டீகளே மொதலாளி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ஆமத்தூர் பக்கத்து முதலாளி ஒருவரிடம் அன்றைக்கே பேசினேன். இருபத்தெட்டுப் பேரை எடுத்துக்கொண்டார். மீதிப் பதினாலு பேர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்கள். அதில் குருவம்மாள் ஒருத்தி. நம்மிடம் திரி வேலையில் இருக்கிறவள், ஒன்பது வருஷமாக.

அந்த அம்மாள்தான் அன்றைக்கு முன்னால் வந்து நின்று கேட்டாள். "தங்கச்சிக்காகன்னு சொல்லுதீகளே, அவுக பிளேனாச்சும் ஓட்டுறாகளா? இல்ல அவுகளும் எங்கள மாதிரி சும்மாதான் உட்கார்ந்திருக்காகளா?"

நாற்பத்திரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"ஓட்டுறா" என்று சொல்லிவிட்டேன்.

அது பொய் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். முப்பத்தொன்றாம் தேதிக்கு இன்னும் இருபத்துமூன்று நாள் இருக்கிறது. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிட்டுச் சென்னைக்குப் போ.

மணி